அவசரமென்றால் படுத்துக்கொள்ளும் வண்டி

அத்தியாயம் ஏழு

அன்று பிற்பகல் இரண்டு பத்துக்குக் கண் மருத்துவமனையின் வாகனப் பிரிவு அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். உட்கார்ந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

மேஜைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி நிர்வாக அலுவலர். அவருக்கு முன்னால் தட்டச்சு செய்த உத்தரவு ஒன்று. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியதால் தாள் பறந்துவிடாமல், வயிறு புடைத்த காக்கி உறை ஒன்றை அதன்மேல் வைத்திருந்தார். மேஜைக்கு இடப்பக்கம் டிரைவர், நாற்காலியின் நுனியில். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் கைப்பை. அதற்கு அடுத்து அந்த அம்மாளின் தம்பி. இதே மருத்துவமனைப் பட்டறையில் லேத்தில் உலோகம் கடைபவர். அவருடைய சைக்கிள் சாவி மேஜை விளிம்பில் கிடந்தது, கோலிக்குண்டு அளவுப் பித்தளை உருண்டை ஒன்றோடு. எதிர்ப்பக்கம் மெக்கானிக். உட்காரச் சொல்லியும் அலமாரியில் சாய்ந்தே நின்றார். ஆகவே அவரை உட்கார்ந்தவர் கணக்கில் சேர்க்க முடியாது.

கதவோரம் சர்வேயர் மேடம். நொறுங்கிய வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் பார்த்தவர். இப்போது தனியார் துப்பறிவாளராக மனிதர்களைப் பார்க்கிறார். வேலை என்னவோ அதேதான் என்பார். அவருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு அவர் உதவியாளன் நான். சுருக்கெழுத்து தெரியும் என்பதால் எனக்கு ஸ்டெனோ என்று பெயர். வாய் நீளம் என்பதால் எனக்கு நாற்காலி இல்லை, ஸ்டூல்.

“நாலரைக்குத் தலைமை அலுவலகத்துக்குத் தபால் பை கிளம்பும்” என்றார் அலுவலர். “இந்த உத்தரவு அதுல போகும். டிரைவரை வேலையை விட்டு நீக்கலாம்னு என் பரிந்துரை. அவங்க வீட்டம்மா உங்களைக் கூட்டிட்டு வந்ததால ரெண்டு மணி நேரம் பொறுக்கறேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என் கையில இல்லை.”

“குற்றம் என்ன?” என்றார் மேடம்.

அலுவலர் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பதினோரு நாளைக்கு முன் விடிகாலை நான்கு மணிக்கு ஒருவர் இறந்தார். கண்களைக் கொடுக்க வீட்டார் சம்மதித்து எட்டேகாலுக்கு அழைத்தார்கள். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். டாக்டர் குழு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வண்டி கிளம்பவில்லை. ஒன்பது ஐம்பத்தைந்துக்குத்தான் கிளம்பியது. அந்த வீட்டை அடைந்தபோது பத்தே முக்கால். பார்வைக்காகக் காத்திருந்த இரண்டு பேர் கட்டில்களைக் காலி செய்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

டிரைவர் தரையைப் பார்த்தார்.

“வேற வண்டி பிடிச்சிருக்கலாமே?” என்று நான் கேட்டேன்.

“டாக்டரும் அதைத்தான் சொன்னார்” என்றார் அலுவலர். “இவர்தான் ‘இதோ ஸ்டார்ட் ஆயிடும், இதோ வந்துரும்’னு நிறுத்தி வெச்சார்.”

“முன்னாடி நாலு தடவையும் வந்துச்சு சார்” என்றார் டிரைவர் மெதுவாக. “கொஞ்ச நேரத்துல வந்துச்சு.”

“அதைத்தான் சொல்ல வர்றேன்.” அலுவலர் பயணப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். “மூணு மாசத்துல நூத்தி நாப்பது தடவை இந்த வண்டி வெளியே போயிருக்கு. துணி எடுக்க, தபால் கொடுக்க, நர்ஸுங்களை வீட்ல விட. ஒரு தடவைகூட மக்கர் இல்லை. சிவப்பு மணி அடிச்ச அவசர அழைப்பு மொத்தம் எட்டு. அதுல அஞ்சு தடவை படுத்துடுச்சு. சும்மா போனா ஓடுது, அவசரம்னா படுக்குது. இதுக்கு என்ன அர்த்தம்? வண்டிக்கு அவசரம் தெரியாது மேடம். டிரைவருக்குத் தெரியும்.”

நான் நோட்டில் எண்களை மட்டும் எழுதிக்கொண்டேன். அந்தக் கணக்கு டிரைவரின் கழுத்தை நெரிக்கும் கணக்கு.

“வண்டியைப் பார்த்தாச்சா?” என்றார் மேடம், அலமாரிப் பக்கம் திரும்பி.

“எதைப் பார்க்கலை?” என்றார் மெக்கானிக். “பேட்டரி மாத்தினேன். கேபிள் மாத்தினேன். செல்ஃப் மோட்டாரைக் கழட்டிக் கார்பன் மாத்தினேன். இருபத்திரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டும் ஒரே இழுப்பு. இனி மாத்தணும்னா என்னைத்தான் மாத்தணும்.”

“அதைத்தான் நானும் எழுதிக் கொடுத்திருக்கேன்” என்றார் லேத்காரர். விரல் தபால் தட்டைக் காட்டியது. “சங்கத் தேர்தல்ல மாமாகிட்ட தோத்ததுலேர்ந்து இந்த ஆளுக்கு வயித்தெரிச்சல். ஏதோ ஒயரைத் தளர்த்தி விட்டுட்டு, டெஸ்ட் பண்ணும்போது முறுக்கிடறான். நாலரை பையில என் புகாரும் போகுது.”

“போகட்டும்பா. தலைமை அலுவலகத்துல என் பேரு தெரியறதுக்கு வேற வழி இல்லை.”

“தம்பி, சும்மா இரு” என்றார் அக்கா.

மேடம் நாற்காலியை டிரைவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “படுத்துச்சுன்னா எப்படிப் படுத்துச்சு? எஞ்சின் சுத்தவே இல்லையா? சுத்தியும் பத்தலையா? இல்லை, பத்திட்டு அணைஞ்சுதா?”

டிரைவர் முதல் முறையாக நிமிர்ந்தார். இதை அவரிடம் யாரும் இதுவரை கேட்கவில்லை என்பது அந்த நிமிர்விலேயே தெரிந்தது. “பத்தும் மேடம். நல்லாவே பிடிக்கும். கியர் போடறதுக்குள்ள செத்துடும். டேஷ்போர்டுல ஒரு விளக்கு எரியாது. பேட்டரிதான்னு பானட்டைத் திறந்து டெர்மினலைச் சுரண்டுவேன். வந்து சாவியைப் போட்டா மறுபடியும் அதே கதை. ஓடி ஓடி அலுத்துப் போய் உக்காந்து ஒரு தடவை போடுவேன், வந்துடும்.”

“அன்னிக்கு ஹாரன் அடிச்சுதா?”

“அடிச்சுது. வண்டியைத் தள்ளறதுக்குக் காவலாளியைக் கூப்பிட ஹாரன்தான் அடிச்சேன்.”

மெக்கானிக் அலமாரியை விட்டு நகர்ந்தார். “ஹாரன் அடிச்சுதா? எங்கிட்ட சொல்லவே இல்லை.”

“நீ எங்க கேட்ட? வந்ததும் வராததுமா பேட்டரியைக் கழட்டின.”

“சார், அன்னிக்கு எடுத்த படம் ஏதாவது இருக்கா?” என்று மேடம் அலுவலரைக் கேட்டார்.

இருந்தது. நாற்காலிக் கால் உடைந்தாலும் படம் எடுத்து ஒட்டும் அலுவலகம் அது. பானட்டுக்குள் தலையை விட்டபடி டிரைவர் நிற்கும் படத்தை அலுவலர் நீட்டினார். மேடம் டிரைவரைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தார். படத்தை என்னிடம் கொடுத்தார்.

“ஸ்டெனோ, என்ன தெரியுது?”

“மழை பெய்யுது. டிரைவரோட சட்டை நனைஞ்சிருக்கு. வண்டிக்கு வயசாயிடுச்சு.”

“வைப்பர் எங்க நிக்குது?”

இரண்டு வைப்பர்களும் கண்ணாடியின் நடுவில், ‘பதில் யாருக்குத் தெரியும்’ என்றதும் கையைத் தூக்கிய பையன்களைப் போலச் செங்குத்தாக நின்றன.

“வைப்பரை அதோட சுவிட்ச்ல அணைச்சா கீழே போய்ப் படுக்கும்” என்றார் மேடம். “நடுவுல நின்னா, ஓடிக்கிட்டு இருக்கும்போதே யாரோ கரண்ட்டைப் பிடுங்கின மாதிரி. ஆனா ஹாரனுக்குக் கரண்ட் இருக்கு. ஹாரனுக்குப் பேட்டரியிலேர்ந்து நேரா போகுது. வைப்பர், டேஷ்போர்டு, எஞ்சின் மூணுக்கும் எது வழியா போகுது?”

“சாவி சுவிட்ச்” என்றார் மெக்கானிக். குரல் தாழ்ந்திருந்தது. “ஆனா அதையும் பார்த்தேன் மேடம். பழசு, உள்ளே தேய்மானம் இருக்கு. இருந்தாலும் வேலை செய்யுது. சொன்னேனே, இருபத்திரண்டு தடவை.”

“எந்தச் சாவியால?”

“பட்டறைச் சாவி. டிரைவர் சாவி டிரைவர்கிட்ட, பட்டறைச் சாவி பட்டறையில. அதான் இங்க விதி.”

“டிரைவர் சாவி இப்ப எங்க?”

“கைப்பற்றி முத்திரை வெச்சாச்சு” என்றார் அலுவலர், காக்கி உறையைத் தட்டி. “ஓரங்கள்ல மூணு பேர் கையெழுத்து. தலைமை அலுவலகம் கேட்டா அப்படியே கொடுக்கணும்.”

மணி மூன்று ஐந்து. மேடம் எழுந்து மேஜையருகே போனார். மின்விசிறிக் காற்றில் அலுவலரின் மற்றத் தாள்கள் படபடத்தன. உத்தரவு மட்டும் அசையவில்லை.

“உள்ளே என்ன இருக்கு சார்?”

அலுவலர் உறையின் முகப்பைப் படித்தார். “சாவி ஒன்று, இணைப்புடன்.”

“எங்க வீட்டுச் சாவியைத் தாள் மேல வெச்சா, இந்தக் காத்துக்குச் சாவியும் சேர்ந்து பறக்கும்” என்றார் மேடம். “இது இந்த உத்தரவை ஒரு மணி நேரமா அமுக்கிப் பிடிச்சிருக்கு. அந்த இணைப்பை நான் பார்க்கணும்.”

“முத்திரையை உடைக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

“வேலையை விட்டு அனுப்ப மட்டும் இருக்கா?” என்றார் டிரைவரின் மனைவி. அறைக்குள் வந்ததிலிருந்து அவர் அலுவலரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். சத்தம் போடவில்லை. அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“உடைச்சதா எழுதுங்க. நேரம், காரணம், ஏழு பேர் கையெழுத்து. திரும்ப ஒட்டினதும் அதே மாதிரி.”

எழுதினேன். மூன்று பதினெட்டு. ஏழு கையெழுத்து. லேத்காரர் பேனாவை வாங்கும்போது அவர் கை வியர்த்திருந்தது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

உறையிலிருந்து சாவி வந்தது. அதன் வளையத்தில் பித்தளைத் துண்டு ஒன்று. நல்ல எலுமிச்சம்பழம் பருமன், கெட்டி வார்ப்பு, மேலே வண்டியின் எண் வெட்டியிருந்தது. என் உள்ளங்கையில் வைத்தபோது கை ஓர் அங்குலம் இறங்கியது.

“இதைப் பாக்கெட்ல போட்டா பேன்ட் நிக்குமா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வண்டி கொட்டகையில் நின்றது. பெட்ரோல் வண்டி, பக்கவாட்டில் கண் படம் மங்கியிருந்தது. தூணில் சிவப்பு மணியும் அதற்கான சுவிட்சும். போகும் வழியில் மேடம் என் காதருகே ஒரே ஒரு வேலை சொன்னார். நான் தூணுக்குப் பக்கத்தில் போய், வெயிலுக்கு ஒதுங்கியவனைப் போல நின்றுகொண்டேன்.

“வைப்பரைப் போடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார் மேடம்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பதினோரு நாள் கழித்து அந்த இருக்கையில் உட்காருகிறார். இடது கையால் பித்தளைத் துண்டை ஏந்திக்கொண்டு, வலது கையால் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்தது. வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டுக்கொண்டு ஆடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நிற்கவில்லை.

அலுவலர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். “மூணு முப்பத்தஞ்சு. இருபத்திமூணாவது தடவை. போதுமா?”

டிரைவரின் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அணைச்சிட்டு இன்னொரு தடவை” என்றார் மேடம்.

டிரைவர் அணைத்தார். சாவியை வெளியே எடுத்தார். மேடம் என்னைப் பார்க்கவில்லை. தலைமுடியை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளினார். அதுதான் அடையாளம். நான் சுவிட்சை அழுத்தினேன்.

சிவப்பு மணி கொட்டகை முழுக்க அலறியது. அலுவலர் துள்ளினார். டிரைவர் யாரையும் கேட்கவில்லை, யோசிக்கவுமில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த மணிக்குப் பழகிய உடம்பு அது. சாவி உள்ளே போனது, திரும்பியது, எஞ்சின் பிடித்தது, அடுத்த நொடியே வலது கை சாவியை விட்டது, இடது கை பித்தளையை உதறிவிட்டுக் கியருக்குத் தாவியது. ஏந்த ஆளில்லாத பித்தளை சரேலென்று தொங்கி ஒரு குலுக்குக் குலுக்கியது.

எஞ்சின் அணைந்தது. டேஷ்போர்டு இருண்டது. வைப்பர்கள் கண்ணாடியின் நடுவில் செங்குத்தாக நின்றன.

நான் மணியை நிறுத்தினேன்.

“யாரும் எதையும் தொடாதீங்க” என்றார் மேடம். “மெக்கானிக், சாவி எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க.”

மெக்கானிக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். வெகு நேரம் பார்த்தார். “ஆஃப்ல நிக்குது. யாரும் திருப்பலை. தானா இறங்கியிருக்கு.” சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி மெதுவாகக் கையை எடுத்தார், நின்றது. பித்தளையைத் தூக்கிக் கீழே விட்டார். சாவி நழுவி ஆஃபுக்கு வந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அதேதான். “தேஞ்ச சுவிட்ச்சு. வெறும் சாவின்னா நிக்கும். கனம் தொங்கி ஒரு குலுக்கு குலுக்கினா வழுக்கிடும். நானும் இருபத்திரண்டு தடவை…” மீதியை விழுங்கிக்கொண்டார்.

“சார், உங்க பதிவேடு சரிதான்” என்றார் மேடம். “துணி எடுக்கப் போகும்போது இவர் துண்டைக் கையில ஏந்தி, மெதுவாத் தொங்க விடுவார். அவசரம்னா கை கியருக்குப் போயிடும். மூணு தடவை எப்படியோ தப்பிச்சுது, அஞ்சு தடவை வழுக்கிடுச்சு. டிரைவருக்கு அவசரம் தெரியும்னு சொன்னீங்க. தெரிஞ்சதுதான் தப்பாப் போச்சு.”

துண்டைக் கழற்றிவிட்டு, மணி அடித்துப் பத்து முறை போட்டோம். பத்தும் ஓடியது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. பக்கத்துக் கட்டடத்திலிருந்து இரண்டு நர்ஸுகள் என்ன ஆபத்து என்று கேட்டு ஓடி வந்தார்கள். இயந்திரப் பரிசோதனை என்று சொல்லி அனுப்பினேன்.

டிரைவரின் மனைவி மூச்சு விட்டார். அலுவலர் விடவில்லை.

“நாங்க சாவியோட கொடுத்தது பிளாஸ்டிக் வில்லை” என்றார். “அப்போ இந்தக் குண்டை யாரோ வேணும்னே மாட்டியிருக்காங்க. யாரு?” அவர் பார்வை மெக்கானிக் மேல் போய் நின்றது.

“நான்தான் சார்” என்றார் டிரைவர் அவசரமாக. “கடையில வாங்கி மாட்டினேன்.”

“எந்தக் கடையில?” என்றார் மேடம்.

டிரைவரின் கண் ஒரு நொடி லேத்காரர் பக்கம் போய்த் திரும்பியது.

“வண்டி எண்ணை வெட்டிக் கொடுக்கிற கடை ரொம்ப இருக்காது.” மேடம் லேத்காரரிடம் கையை நீட்டினார். “உங்க சைக்கிள் சாவியைக் கொஞ்சம் தர்றீங்களா?”

லேத்காரர் கொடுத்தார். கோலிக்குண்டும் எலுமிச்சம்பழமும் மேடத்தின் கையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே மஞ்சள். ஒரே மாதிரி நெருக்கமான கடைசல் வரிகள். கழுத்தில் ஒரே மாதிரி இரட்டைப் பள்ளம். தாயும் பிள்ளையும் போல.

“ஜூனியர், சீனியர்” என்றேன். உடனே சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. லேத்காரரின் முகம் அப்படி இருந்தது.

“மாமா சாவியைத் தொலைச்சிட்டு மெமோ வாங்கினாரு” என்றார் அவர். “அக்கா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. இனிமே தொலையவே கூடாதுன்னுதான் கடைஞ்சேன். பாக்கெட்ல போட்டா பாக்கெட்டே தொங்கணும், வெச்ச இடத்தை மறக்கவே கூடாதுன்னு. மதியச் சாப்பாட்டு நேரத்துல நாலு நாள் உக்காந்து கடைஞ்சேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “படத்தைப் பார்த்து சாவி சுவிட்ச்னு பேச்சு வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு.”

“மெமோ தேதிக்கும் முதல் தடவை வண்டி படுத்த தேதிக்கும் ஒன்பது நாள்” என்றேன், அலுவலர் கோப்பைப் படித்தபோது குறித்ததைப் புரட்டி.

அக்கா தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பித்தளை யாருடையது?” என்றார் அலுவலர்.

“பட்டறையில மீந்த துண்டு சார்.”

“மருத்துவமனைப் பொருள், மருத்துவமனை லேத், சொந்த வேலை. இதை நீங்க எழுத்துல கொடுத்தா, உங்ககிட்ட விளக்கம் கேட்காம என்னால விட முடியாது. முதல்ல உங்க வேலைதான் கேள்வியா நிக்கும்.”

“எழுத வேண்டாம்” என்றார் டிரைவர். “வண்டிதான் காரணம்னு தெரிஞ்சாச்சு. துண்டு வழியில கிடந்துச்சு, எடுத்து மாட்டினேன்னு போட்டுக்குங்க. இவனுக்கு இன்னும் வயசு இருக்கு சார்.”

“வழியில கிடந்த துண்டுல வண்டி எண் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க” என்றார் மேடம். “அதுக்கு இன்னொரு பொய் தேடணும். ஹாரன் அடிச்சுதுன்னு உள்ளதைச் சொன்னீங்க, அங்கேதான் உங்க வழக்கு திரும்புச்சு. அதை நீங்களே கெடுத்துக்காதீங்க.”

நாலு மணி ஆகிவிட்டது. லேத்காரர் என்னிடம் வந்து கையை நீட்டினார். “தாள் கொடுங்க சார்.”

“சொல்லுங்க, நான் எழுதறேன்.”

“இல்லை. என் கையாலதான் எழுதணும்.”

அறைக்குத் திரும்பினோம். அவர் எழுதினார். லேத்தில் பழகிய கை. எழுத்து ஒவ்வொன்றும் அளந்து வெட்டியது போல வந்தது. பித்தளைத் துண்டைச் செய்தது தான் என்றும், வண்டி நின்றதற்கு டிரைவரிடம் குற்றமில்லை என்றும், மெக்கானிக் மீது எழுதிய புகார் தவறு என்றும் மூன்று பத்தி. முடித்துவிட்டுத் தபால் தட்டிலிருந்து தன் பழைய புகாரை எடுத்துக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காத, கொடு” என்றார் மெக்கானிக். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “எங்க வீட்ல காட்டணும். நான் இவ்ளோ பெரிய சதி பண்ணக்கூடிய ஆளுன்னு அங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.” பிறகு, கதவைப் பார்த்தபடி, “சுவிட்ச் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் மாத்தாம விட்டது நான். அதையும் ஒரு வரி சேர்த்துக்க” என்றார்.

அந்த வரிக்குக் கீழே அவரே கையெழுத்துப் போட்டார்.

அலுவலர் உத்தரவை இரண்டாக மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். கடிதம், பரிசோதனைக் குறிப்பு, நடுவில் நிற்கும் வைப்பரின் படம், பித்தளைத் துண்டு. நான்கையும் ஒரு துணி உறையில் இட்டு நான் பசை தடவினேன். நான்கு இருபதுக்கு ஒட்டி, ஓரங்களில் ஏழு கையெழுத்து வாங்கினேன். இந்த முறை முகப்பில் ‘இணைப்புடன்’ என்று எழுதவில்லை. ‘பித்தளைத் துண்டு ஒன்று, எடை இருநூற்று எண்பது கிராம்’ என்று எழுதினேன்.

“பையை யார் எடுத்துட்டுப் போறது?” என்றார் மெக்கானிக். பதினோரு நாளாக அந்த வேலை அவர் தலையில் இருந்தது.

அலுவலர் கொஞ்சம் யோசித்தார். “நீக்கணும்கிற பரிந்துரை இந்தப் பையில போகலை. போகலைன்னா இவர் பணியிலதான் இருக்கார்.” சாவியை டிரைவர் பக்கம் தள்ளினார். வெறும் சாவி.

டிரைவரின் மனைவி எழுந்தார். மேஜை விளிம்பில் திரும்ப வைத்திருந்த சைக்கிள் சாவியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்து, அந்தக் கையை ஒரு நொடி பிடித்துக்கொண்டார். “வீட்டுக்கு வா” என்றார். அவ்வளவுதான்.

நான் உறையைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, வண்டியின் முன் இருக்கையில் வைத்தேன். டிரைவர் சாவியைத் திருப்பினார். இடது கை பழக்கத்தில் எதையோ ஏந்தப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. எஞ்சின் பிடித்தது. கியர் விழுந்தது. வண்டி வாசல் தாண்டிப் போய், மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பும்வரை எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தபால் பதிவேட்டில் நேரம் எழுதினேன்: நான்கு இருபத்தெட்டு.